டிஸ்பிராக்சியா: கடைசிப் படியை முதலில் பழக்குங்கள்

எட்டு வயதாகியும் சட்டைப் பட்டன் போட வராத பிள்ளைக்குப் பாம்பனிலும் தொண்டியிலும் கிடைக்கும் பட்டம் ‘துப்புக்கெட்டவன்’. டிஸ்பிராக்சியாவாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கையில் பலம் இருக்கும், புத்தியும் இருக்கும். எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்று மூளை கோத்துக் கொடுப்பதில்தான் தடுமாற்றம். பள்ளி வயதில் 100 பேரில் 5, 6 பேருக்கு இருப்பதாகக் கணக்கு. 5 வயதுக்கு முன் உறுதிசெய்வது அரிது. நேற்றுவரை செய்ததைத் திடீரென்று செய்ய முடியாமல் போனாலோ, ஒரு பக்கக் கை கால் மட்டும் தளர்ந்தாலோ அது வேறு சங்கதி. உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

முழு வேலையையும் ஒரே மூச்சில் செய்து காட்டிவிட்டு “இப்ப நீ செய்” என்றால் வராது. பின்னாலிருந்து பழக்குங்கள். பட்டனை ஓட்டைக்குள் பாதி நுழைத்துக் கொடுங்கள். மிச்சத்தை இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது தடங்கலின்றி வந்தபின் நுழைப்பதையும் பிள்ளையிடமே விடுங்கள். கீழ்ப் பட்டனில் தொடங்கி மேலே போகட்டும். கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியும், இரு விளிம்பும் சமமாக நிற்கும். கழுத்திலிருந்து தொடங்கினால் பார்க்க முடியாது, ஓட்டை மாறி விழும். அவசரக் காலைகளுக்கு, பட்டனை வெளியே அழகுக்குத் தைத்து உள்ளே வெல்க்ரோ வைக்கச் சொல்லுங்கள். கைலி நழுவினால் மேலே ஒரு பெல்ட். பெரியவர்களே கட்டுகிறார்கள், வெட்கமென்ன?

மீன் சாப்பாடுதான் இந்தக் கரையில் பெரிய பரீட்சை. சோற்றைப் பிசைந்துகொண்டே விரல் நுனியால் முள்ளைத் தேடுவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை. பிரித்துவிடுங்கள்: சோறு வேறு தட்டில், மீன் வேறு தட்டில், முள்ளெடுத்து முடித்த பிறகே பிசையட்டும். விளிம்பு உயர்ந்த தட்டு நல்லது, அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. ஊசி முள் இல்லாத திருக்கையில் தொடங்கி, நடுமுள் எளிதாகக் கழலும் வஞ்சிரத் துண்டுக்கு வாருங்கள். சாளை கடைசியில், அதுவும் பகல் வெளிச்சத்தில்.

தண்ணீர் எடுக்கக் குடத்தை இடுப்பில் வைத்தால் தளும்பும். தள்ளுவண்டியில் மூடி போட்ட குடம் எவ்வளவோ மேல். நடை பழக ஈர மணல் தோது. பொடி மணல் சீக்கிரம் களைப்பாக்கும். வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) ஏறும்போது பின்னாலிருந்து அவசரப்படுத்தாதீர்கள்: முதலில் கை பிடிக்கும் இடம், பிறகு கால் வைக்கும் இடம். லைஃப் ஜாக்கெட் கரையிலேயே மாட்டியிருக்க வேண்டும்.

எழுதும்போது தாளை டேப்பால் மேசையில் ஒட்டுங்கள், தடித்த பென்சில் கொடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக டிஸ்பிராக்சியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சான்றிதழுக்கான வழியைக் கேளுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அந்தச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் எட்டிலேயே அலையத் தொடங்குங்கள்.