சிரட்டைக்கரி வாங்கும்போது செய்யக்கூடாதவை

2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்து, கரியடுப்புக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்து வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. சிலிண்டர் பிறகு வந்துவிட்டது. ஆனாலும் மீன் சுடவும் பெரிய பானையில் வெந்நீர் வைக்கவும் கரியடுப்பு இன்னும் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. போன கிழமை, எங்கள் ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் தேங்காய்ச் சிரட்டைக்கரி மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். மூட்டையின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கும் முன்பே, "மலிவாகக் கிடைத்தது அண்ணை" என்றார். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

தராசை மட்டும் பார்ப்பது

நானும் முதலில் இப்படித்தான் ஏமாந்தேன். 25 கிலோ என்று நிறுத்துக் கொடுத்த மூட்டை அது. பற்றவைத்தால் சீறியது, புகைந்தது, தணல் மட்டும் பிடிக்கவில்லை. சந்தேகத்தில் எல்லாவற்றையும் சீமெந்துத் தரையில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவிட்டு மறுபடி நிறுத்தேன். 19 கிலோ! ஆறு கிலோ கிணற்றுத் தண்ணீரைக் கரி விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

எல்லா இடத்திலும் இது களவு என்று சொல்லமாட்டேன். சிரட்டையைக் குழியில் எரித்து, பதம் வந்ததும் தகரத்தால் மூடி, விளிம்பில் மண் அணைத்துக் காற்றை அடைக்க வேண்டும். தானாக ஆறும்வரை காத்திருக்கவும் வேண்டும். பொறுமையில்லாதவர் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு அன்றைக்கே மூட்டை கட்டுகிறார். மூன்று நான்கு கிலோ சிரட்டை எரித்தால்தான் ஒரு கிலோ கரி தேறும் என்பதால், நிறை கூடினால் அவருக்குக் கசக்காது.

ஆகவே ஒரு வாளியை இதற்கென்றே ஒதுக்குங்கள். நன்றாகக் காய்ந்த கரியால் அதை நிரப்பி நிறுத்து, அந்த நிறையை வாளியிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே வாளியைக் கடைக்குக் கொண்டுபோய் நிரப்பி நிறுக்கச் சொல்லுங்கள். நிறை கூடினால் கூடியது பெரும்பாலும் தண்ணீர்தான். முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் வாங்கவேண்டாம். நான் இப்போது வாங்குகிறவர் முதல் நாள் சிரித்தார், பிறகு வாளியைத் தானே வாங்கி நிரப்பினார். அதன்பிறகு வேறு இடம் தேடவில்லை.

மூட்டையின் மேற்பக்கத்தைப் பார்த்து மயங்குவது

கையை அடிவரை விடுங்கள். தூளும் மண்ணும் அங்கேதான் இருக்கும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், உடைத்தால் உடைந்த முகம் மினுங்க வேண்டும். மண்ணிறம் தெரிந்தால் அது அரைவேக்காடு, வீடெல்லாம் புகை.

நிலக்கரி கேட்பது

நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கப்பலில் வருவது அது. உங்கள் அடுப்புக்கு அல்ல.

வளவில் கிடப்பதை மறப்பது

பனங்கிழங்கு கிண்டி முடிந்ததும் வேலியோரம் குவிந்து கிடக்கும் ஊமலை, அதாவது முளைத்த பனங்கொட்டையின் ஓட்டை, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மம்மா பல் விளக்கியது ஊமற்கரியில்தான். அதன் தணலும் நின்று எரியும். காசும் இல்லை, தராசும் இல்லை.

மூடிய அறைக்குள் கரிச்சட்டி

பிள்ளை பெற்ற வீடானாலும் வேண்டாம். கரித்தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

மாரியில் தேடுவது

ஐப்பசி, கார்த்திகையில் எந்தக் கடையிலும் காய்ந்த கரி கிடைப்பது அரிது. ஆடி, ஆவணியில் வாங்கி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கிவிட வேண்டும். தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் கரியை மொட்டைமாடியில் பரப்பியிருக்கிறார். நேற்றிரவு மழை பெய்தபோது படங்கை எடுத்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.