மாசசூசெட்ஸில் வீடு வாங்கும் முன்: இரண்டரை சதவீதம் யாருக்கான வரம்பு?

பாஸ்டனுக்கு மேற்கே உள்ள சிறு ஊர்களில் பள்ளிகள் நன்றாக இருக்கின்றன, ஆஷ்லாந்து லட்சுமி கோயிலும் தொலைவில்லை என்று வீடு பார்க்கத் தொடங்கியிருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வங்கிக் கடன், வீட்டுப் பரிசோதனை, வழக்கறிஞர், பத்திரப் பதிவு ஆகியவற்றுக்கு உங்கள் தரகரே வழிகாட்டிவிடுவார். எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லாமல் விட்டது சொத்து வரியின் உச்சவரம்பு பற்றித்தான்.

நம் ஊரில் பேரூராட்சிக்குச் செலுத்தும் வீட்டு வரி தெருவிளக்கு, குடிநீர், குப்பை என்ற அளவில் நின்றுவிடுகிறது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் மாநில அரசு சம்பளம் தருகிறது. இங்கே இவர்கள் அனைவருக்கும், நூலகத்துக்கும், பனி அள்ளும் வண்டிக்கும் டவுன் நிர்வாகமே பணம் தர வேண்டும். மாநில அரசின் உதவித் தொகை ஒரு பங்கு வருகிறதே தவிர, கடைவீதியோ தொழிற்சாலையோ இல்லாத சிறு ஊரில் பெரும் பாரம் வீட்டு வரியின் மீதுதான் விழுகிறது.

அந்த வரிக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. 1978 ஜூன் மாதம் கலிபோர்னியா வாக்காளர்கள் 13ஆம் ப்ரொபசிஷன் என்ற வாக்கெடுப்புத் தீர்மானத்தை நிறைவேற்றிச் சொத்து வரியைக் கட்டுப்படுத்தியதைத் தொடர்ந்து, 1980 நவம்பரில் மாசசூசெட்ஸ் வாக்காளர்களும் 'ப்ரொபசிஷன் இரண்டரை' என்பதை ஏற்றனர். அதன்படி, ஒரு டவுன் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி அங்குள்ள சொத்துகளின் மொத்த மதிப்பில் 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வசூலின் வரம்பும் ஆண்டுக்கு 2.5 சதவீதமும், புதிய கட்டுமானங்களால் கூடும் வரியும் மட்டுமே உயரலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மக்களிடம் வாக்கு கேட்க வேண்டும்.

நாங்கள் தவறியது இந்த இடத்தில்தான். 'இங்கே வரி ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏறாது' என்று எங்களுக்கு வீடு காட்டியவர் சொன்னதை அப்படியே நம்பினோம். எங்கள் வரி அப்போது 9,600 டாலர். அடுத்த ஆண்டு 240 டாலர் கூடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். ஆனால் அந்த வரம்பு டவுனின் மொத்த வசூலுக்கு உரியது. தனி ஒரு வீட்டுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. உங்கள் வீட்டின் மதிப்பு மற்ற சொத்துகளைவிட வேகமாக உயர்ந்தால், மொத்த வசூல் வரம்புக்குள் இருக்கும்போதே உங்கள் பங்கு மட்டும் பெருகும். போதாக்குறைக்கு, நாங்கள் குடியேறுவதற்குச் சில மாதங்கள் முன்புதான் அந்த ஊர் மக்கள் ஒரு 'ஓவர்ரைடு'க்கும், புதிய பள்ளிக் கட்டடத்துக்கான ஒரு 'டெப்ட் எக்ஸ்க்ளூஷ'னுக்கும் ஒப்புதல் தந்திருந்தனர். முன்னது வரம்பையே நிரந்தரமாக உயர்த்திவிடுகிறது. பின்னது அந்தக் கடன் தீரும்வரை, பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள், வரம்புக்கு வெளியே வசூலிக்கப்படுகிறது.

காலாண்டு பில் அனுப்பும் ஊர்களில் ஆகஸ்டிலும் நவம்பரிலும் வருபவை முந்தைய ஆண்டின் வரியை வைத்துப் போட்ட தற்காலிகக் கணக்குகள் என்பதால், ஏற்றம் முழுவதும் பிப்ரவரி, மே பில்களில்தான் இறங்கியது. ஆண்டு வரி 10,900 டாலர் ஆனது. மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கி எஸ்க்ரோ என்னும் தனிக் கணக்கில் வைத்து, அதிலிருந்து வரியைக் கட்டிவந்த வங்கி, குறைந்துபோன 1,300 டாலரைப் பன்னிரண்டு மாதங்களில் திரும்பக் கேட்டதோடு, வரும் ஆண்டுக்கான கூடுதல் 1,300 டாலரையும் சேர்த்தது. வட்டி மாறாத கடன் என்று நம்பி வாங்கிய வீட்டின் மாதத் தவணை ஒரே கடிதத்தில் ஏறத்தாழ 217 டாலர் உயர்ந்தது.

அன்று எனக்கிருந்த கோபம், பக்கத்து ஊரில் வாடகைக்கு இருக்கும் நண்பரைப் பார்த்த பிறகு வேறு திசைக்குத் திரும்பியது. அவர் ஊரில் ஓவர்ரைடு தோற்றது. ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீடும், சிறப்புக் கல்விச் செலவும் ஆண்டுதோறும் ஏறும் வேகம் இரண்டரை சதவீதத்துக்குள் அடங்குவதில்லை. ஒரு டவுன் 4 கோடி டாலர் வசூலிக்கிறது என்றால், அடுத்த ஆண்டு அதற்குக் கூடுதலாகக் கிடைப்பது 10 லட்சம். காப்பீடு மட்டுமே அதில் பாதியை விழுங்கிவிடக்கூடும். ஆறாம் வகுப்பு வரை, பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால் வசிக்கும் பிள்ளைகளுக்கு இலவசப் பேருந்து தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவர் மகனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால் பேருந்துக் கட்டணம் வந்தது. நூலக நேரமும் குறைந்தது. ஒதுக்கீட்டை மாநிலம் வகுத்த அளவுக்குக் கீழே குறைத்தால் நூலகம் தன் சான்றிதழை இழக்கலாம் என்பதும், அப்படி இழந்த ஊர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர் நூலகங்கள் புத்தகம் தர மறுக்கலாம் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

ஆகவே வீட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், டவுன் அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை ஓவர்ரைடுகள் வாக்குக்கு வந்தன, இப்போது எந்தக் கட்டடத் திட்டம் பேச்சில் இருக்கிறது, கையிருப்பு நிதியை எடுத்துப் பற்றாக்குறையை அடைக்கிறார்களா. நீண்ட காலம் ஓவர்ரைடே வராத ஊர் மலிவான ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே அது இனிமேல்தான் வரப்போகிறது என்றும் பொருள் கொள்ளலாம். உங்கள் வீட்டை அதிகமாக மதிப்பிட்டிருந்தால், காலாண்டு பில் உள்ள ஊர்களில் பொதுவாகப் பிப்ரவரி 1க்குள் வரியைக் குறைக்கக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாள் தவறினால் அவ்வாண்டுக்கு வழியில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் இந்த வரி வாக்கெடுப்புகளில் வாக்களிக்க முடியாது. யார் படிவத்தை நீட்டினாலும் வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள். குடியுரிமை இருப்பதாகத் தவறாகக் காட்டுவது நாடு கடத்தல்வரை கொண்டுபோகும். ஆனால் நிதிக் குழுவின் பொதுவிசாரணைக்குப் போகலாம். நம் கிராம சபையைப் போல வாக்காளர் அனைவரும் கூடிப் பட்ஜெட்டை நிறைவேற்றும் டவுன் மீட்டிங்கிலும் தனி இருக்கையில் அமர்ந்து கேட்கலாம். அனுமதி கிடைத்தால் பேசவும் செய்யலாம்.

சென்ற வசந்தத்தில் நான் அப்படிப் பேசினேன். கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் வந்திருந்த என் அம்மா, பனிக்காலத்தில் யார் துணையும் இல்லாமல் நடந்து போய் உட்காரக் கூடிய ஒரே கூரை எங்கள் ஊர் நூலகம்தான் என்றும், அது வாரத்தில் ஆறு நாளும் திறந்திருக்க எங்கள் வரி உயர்வதானால் அதைக் கட்ட நாங்கள் தயார் என்றும் சொன்னேன்.