கெரெடிகியனில் வீடு எடுக்கிறீர்களா? முதலில் எண்ணெய் டேங்க்கைப் பாருங்கள்

வேல்ஸின் மேற்குக் கரையில் இருக்கிறது கெரெடிகியன் மாவட்டம். 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 71,500 பேர்தான் மொத்த மக்கள்தொகை. ஒருபுறம் கடல், மறுபுறம் 752 மீட்டர் உயரப் புமிலிமோன் மலை, நடுவே ஆடுகள். மருத்துவமனை வேலைக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கும் ஆபரிஸ்ட்வித் நகரத்துக்கு வரும் நம்மவர்கள், வாடகை குறைவு என்று உள்கிராமங்களுக்குக் குடிபோகிறார்கள். நாங்கள் வந்த புதிதில் ஆடிய கூத்தையே ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது மறுபடி ஆடுகிறார்கள். மழைக்கோட்டு வாங்குங்கள் போன்ற அறிவுரைக்கு நான் தேவையில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

வரைபடத்தைப் பார்த்துப் பயண நேரம் போடுவது

இந்த மாவட்டத்தில் மோட்டார்வே ஒரு மைல்கூடக் கிடையாது. ஆபரிஸ்ட்வித்திலிருந்து தலைநகர் கார்டிஃபுக்குச் சாலையில் நூறு மைலுக்குச் சற்று மேல். ரயிலில் போனால் கிழக்கே இங்கிலாந்துக்குள் நுழைந்து, ஷ்ரூஸ்பரியில் வண்டி மாறி, மறுபடி வேல்ஸுக்குள் வர வேண்டும். நேர் தெற்கே கார்மார்தனுக்கு ஒரு ரயில் பாதை இருந்தது. ட்ரெகாரோன் சதுப்பைக் கடக்கக் கம்பளி மூட்டைகளை அமுக்கி அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள் என்று இன்றும் கதை சொல்வார்கள். 1965-இல் அதில் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தத் திசைக்கு டி1 பேருந்துதான்.

ஷ்ரூஸ்பரி வரைக்கும் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டி தாமதமானால் எதிர் வண்டியும் காத்துக் கிடக்கும். விசா சந்திப்பு, விமானம் என்றால் முதல் நாளே கிளம்பிவிடுங்கள்.

எண்ணெய் டேங்க்கை மறப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிற விஷயம் இது.

ஆபரிஸ்ட்வித் நகருக்குள் குழாய் எரிவாயு உண்டு. கிராமங்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. வீட்டு விளம்பரத்தில் "ஆயில் சென்ட்ரல் ஹீட்டிங்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு, ரேடியேட்டர் இருக்கிறது, சூடு வரும், சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஆயில் வேறொன்றும் இல்லை, மண்ணெண்ணெய். கொல்லைப்புறத்தில் பச்சை நிறப் பிளாஸ்டிக் டேங்க்கில் நிற்கும். தீர்ந்தால் யாரும் வந்து நிரப்ப மாட்டார்கள். நீங்கள்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

கணக்கு எளிது. ரேடியேட்டர்களுக்குச் சூடு தரும் 20 கிலோவாட் பாய்லர் எரியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் 500 லிட்டர் ஒரு மாதத்துக்குத் தாங்கும். இங்கே பழைய வீடுகள் கனமான கல் சுவர் வைத்தவை. சுவர் சூடேறவே நாளாகும். பகலில் அணைத்து, இரவில் 25 டிகிரியில் வைத்தால் எண்ணெய்தான் கரையும், அறை சூடாகாது.

ட்ரெகாரோன் பக்கம் ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு நவம்பரில் குடிவந்தார்கள். கணவன் கவனமானவன்தான். டேங்க்கின் பக்கவாட்டில் மட்டம் காட்டும் குழாய் ஒன்று இருக்கும். அதை வாரா வாரம் பார்த்திருக்கிறான். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு போன் வந்தது. "அண்ணா, அரை டேங்க் இருக்குன்னு காட்டுது, பாய்லர் மட்டும் எரியல. சிவப்பு லைட் வருது."

போய்ப் பார்த்தால், அந்தக் குழாயின் அடியில் இருக்கும் சின்ன வால்வு மூடியே கிடக்கிறது. முன்பு குடியிருந்தவர் எப்போதோ மூடிய நாளில் இருந்த மட்டம் அப்படியே நிற்கிறது. வால்வைத் திறந்ததும் குழாயில் நின்ற எண்ணெய் சர்ரென்று கீழே இறங்கிவிட்டது. டேங்க் காலி. இதற்குள் அவன் ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கி, அடியில் படிந்த சகதியையும் காற்றையும் குழாய்க்குள் இழுத்து வைத்திருந்தான்.

திங்கட்கிழமை எண்ணெய் கேட்டால், குறைந்தது 500 லிட்டர் வாங்க வேண்டும் என்றார்கள். பெரிய லாரி அந்தச் சந்துக்குள் நுழையாது, சின்ன லாரி வரும் நாள்வரை காத்திருங்கள் என்றார்கள். அதுவரை கேனில் வாங்கி ஊற்றினோம். அப்போதும் எரியவில்லை. காற்றை வெளியேற்றி, ஃபில்டரை மாற்ற ஆள் வர வேண்டியிருந்தது. அவருக்குத் தனிக் கூலி. குழந்தையைப் பக்கத்துப் பண்ணை வீட்டு அம்மா தன் சமையலறை அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டார். வீட்டைக் காட்டியவர் சாவி கொடுக்கும்போது அரை நிமிடம் செலவழித்திருந்தால் இத்தனையும் வேண்டாம்.

ஆகவே சாவி வாங்கும் அன்றே வால்வைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். காய்ந்த குச்சியை விட்டும் அளந்து பாருங்கள். போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். காலி செய்யும்போது யாருடைய எண்ணெய் என்ற சண்டை வராது. கால் டேங்க்குக்கு இறங்கும் முன் ஆர்டர் கொடுங்கள். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இருக்கும் அரசு விலை வரம்பு எண்ணெய்க்கு இல்லை. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கியதும் விலை எகிறியபோது வாங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஆர்டர் கொடுத்து விலை குறைப்பார்கள். விசாரித்துச் சேர்ந்துகொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. கரண்ட் போனால் எண்ணெய் பாய்லரும் நின்றுவிடும். 2024 டிசம்பரில் டாரா புயல் அடித்தபோது பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. விறகு அடுப்பு உள்ள வீடாகப் பாருங்கள்.

போஸ்ட்கோடை நம்புவது

நகரத்தில் ஒரு போஸ்ட்கோடு என்றால் ஒரு தெரு. இங்கே அது சிதறிக் கிடக்கும் பல பண்ணைகளைக் குறிக்கும். வீடுகளுக்கு எண்ணும் இல்லை, பெயர்தான். வழிகாட்டிச் செயலி உங்களை யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகை முன் நிறுத்தி, வந்துவிட்டோம் என்று அறிவிக்கும். அங்கே போன் சிக்னலும் இருக்காது. எந்தக் கோயில் தாண்டி, எந்தப் பாலத்தில் இடப்பக்கம் என்று உங்கள் வீட்டுக்கு வழியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நாளில் அந்தத் தாள் உதவும்.

குறுகிய சாலையில் எதிரே ட்ராக்டர்

பின்னால் போக வேண்டியது நீங்கள்தான். ரிவர்ஸ் பழகுங்கள்.

சமையல் எண்ணெய்

செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் வடை சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

நாய்

மார்ச், ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடும். கயிறு கட்டாத நாயை வயல் பக்கமே கூட்டிப் போகாதீர்கள்.

ஊர் வம்பு பேசுவது

ஜோன்ஸ், டேவிஸ், இவான்ஸ் என்று நாலைந்து குடும்பப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஆளைப் பண்ணைப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆடு விற்பவரைப் பற்றித் தபால் அலுவலகத்தில் குறை சொன்னால், முத்திரை குத்துபவர் அவருடைய ஒன்றுவிட்ட தங்கையாக இருப்பார்.

வெல்ஷ் பள்ளியைக் கண்டு ஓடுவது

2021 கணக்கில் மாவட்டத்தில் 45 சதவீதம் பேர் வெல்ஷ் பேசுகிறார்கள். நீங்கள் கடைக்குள் நுழைந்ததும் மொழியை மாற்றினார்கள் என்று நினைக்க வேண்டாம். முன்பே அதில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பாடமும் வெல்ஷில்தான். இதைக் கேட்டதும் சில பெற்றோர் பயந்துபோய், தினமும் நகரத்துப் பள்ளிக்கு வண்டி ஓட்டுகிறார்கள். பிள்ளையோ வீட்டில் தமிழ், டிவியில் ஆங்கிலம் என்று ஏற்கெனவே இரண்டைச் சமாளிக்கிறது. நான்கு வயதில் மூன்றாவதையும் பிடித்துக்கொள்ளும். பள்ளியிலிருந்து வரும் கடிதங்கள் இரண்டு மொழியிலும் இருக்கும், உங்களுக்கும் சிரமமில்லை. தூரத்துப் பள்ளியில் போட்டால், பக்கத்துப் பண்ணைப் பிள்ளைகள் விளையாடும்போது உங்கள் பிள்ளை காரில் உட்கார்ந்திருக்கும்.