பாங்காக்கில் முதல் நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கை முதன்முறையாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. அரண்மனை, வாட் போ, வாட் அருண் (வாட் என்றால் கோவில்), சத்துசாக் சந்தை, இரவில் சைனாடவுன் என்று எழுதிவைத்துக்கொண்டு, வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தானே இருக்கின்றன என்று ஒரே நாளுக்குள் அடைத்துவிடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்கு நான்கு கிலோமீட்டரைக் கடக்க டாக்சிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்பது வரைபடத்தில் தெரியாது. சத்துசாக் சந்தையோ சனி, ஞாயிறுகளில்தான் முழுமையாக இயங்கும். ஆகவே தூரத்தை விட்டுவிட்டு, ஆற்றையும் கடிகாரத்தையும் வைத்துத் திட்டமிடுவதே இந்த நகரத்துக்குப் பொருந்தும்.

பழைய நகரின் முக்கிய இடங்கள் சாவ் பிரயா ஆற்றங்கரையில் இருக்கின்றன. ஸ்கைட்ரெயினில் சபான் தாக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான நீலக் கொடிப் படகின் சீட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஊர்க்காரர்கள் ஏறும் ஆரஞ்சுக் கொடிப் படகும் அதே ஆற்றில்தான் போகிறது, கட்டணமும் குறைவு. ஆற்றுப் பயணம் வேண்டாம் என்பவர்களுக்கு 2019இல் திறக்கப்பட்ட சனாம் சாய் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வாட் போ சில நிமிட நடை.

1782இல் முதலாம் ராமா கட்டத் தொடங்கிய பெரிய அரண்மனை காலை எட்டரைக்குத் திறக்கிறது, பிற்பகல் மூன்றரையோடு சீட்டு விற்பனை முடிந்துவிடும். பதினோரு மணிக்குப் போனால் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும் என்பதால் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்ற விதியை அங்கே கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். கையில்லாத சட்டைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திச் சமாளிக்கலாம் என்று நம்பிப் போகாமல், கை வைத்த சட்டையை அணிந்து செல்வதே நல்லது.

அரண்மனை மதிலோரம் நடக்கும் ஏமாற்று மிகவும் பழையது, ஆனாலும் இன்றும் பலிக்கிறது. நேர்த்தியாக உடுத்திய ஒருவர் சிரித்த முகத்தோடு அருகில் வந்து, எந்த நாடு என்று விசாரித்துவிட்டு, இன்று விசேஷ பூஜை, ஒரு மணிக்குப் பிறகுதான் திறப்பார்கள் என்பார். அதுவரை பார்க்க வேறு கோவில்கள் இருக்கின்றன என்று வரைபடத்தில் வட்டம் போட்டுத் தருவார். அந்த நேரத்துக்குச் சரியாக டுக்டுக் எனும் ஆட்டோ ஒன்றும் வந்து நிற்கும், இருபது பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) ஊரெல்லாம் சுற்றிக்காட்டுவதாக. ஊர் சுற்றல் கடைசியில் ரத்தினக் கடையிலோ தையற்கடையிலோ போய் முடியும், ஓட்டுநருக்குக் கமிஷன் அந்தக் கடையிலிருந்து வரும். அரச குடும்பச் சடங்குகளுக்காக அரண்மனை சில நாட்களில் மூடப்படுவது உண்மைதான். ஆனால் அதைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் அறிந்துகொள்ள வேண்டுமே தவிர, தெருவில் எதிர்ப்படுபவரிடம் அல்ல. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். கையில் சீட்டை வாங்கும்வரை யார் பேச்சையும் கேட்காமல் வாயில்வரை நடந்துவிடுவதே வழி.

உள்ளே, மரகத புத்தரைப் பெரிய சிலையாக எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உயர்ந்த பீடத்தில் இருக்கும் அந்தப் பச்சைக்கல் சிலையின் உயரம் சுமார் 66 சென்டிமீட்டர்தான். ஆண்டுக்கு மூன்று முறை, பருவம் மாறும்போது அரசர் அதற்கு ஆடை மாற்றுகிறார். சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. கால் வலிக்கிறது என்று சிலையை நோக்கிக் காலை நீட்டி உட்கார்வது பெரிய அவமரியாதை, மடித்துப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். பிக்குகளைப் பெண்கள் தொடக் கூடாது.

46 மீட்டர் நீளத்தில் சாய்ந்திருக்கும் வாட் போ புத்தரின் முகத்தைப் படம் பிடித்ததும் கூட்டம் நகர்ந்துவிடுகிறது. முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள் வரைந்த பாதங்களுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். வாட் அருணுக்கு டாக்சி தேவையில்லை, தா தியென் துறையிலிருந்து சின்னப் படகு அக்கரைக்கு ஓடுகிறது. தமிழர்கள் தவறவிடும் இன்னோர் இடம், பெரிய ஊஞ்சல் என்று அழைக்கப்படும் உயரமான பழைய சடங்கு ஊஞ்சலுக்கு அருகிலுள்ள பிராமணர் கோவில். ஊஞ்சல் ஆடும் சடங்கு 1930களில் நின்றுபோனாலும், அங்கே ஆண்டுதோறும் நடக்கும் விழாவில் திருவெம்பாவைப் பாடல்கள் இன்றும் ஓதப்படுகின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டு அட்டைக்கு அங்குள்ள ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கின்றன. சிறிது சிறிதாக எடுத்தால் நட்டம். ரூபாயாகவே கழிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிட வேண்டும். டாக்சியில் மீட்டர் 35 பாட்டிலிருந்து தொடங்கும். மீட்டர் போட மறுப்பவரோடு பேரம் பேசுவதைவிட அடுத்த வண்டியைக் கைகாட்டுவது எளிது.

சைவ உணவுக்காரர்கள், இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதும் என்று நினைப்பதுதான் சாப்பாட்டில் நடக்கும் தவறு. காய்கறிப் பொரியலிலும் மீன் சாறான நாம் பிளா விழுந்திருக்கும், பப்பாளி சாலட்டில் உலர்ந்த இறாலும் சேர்ந்திருக்கும். மஞ்சள் பின்னணியில் சிவப்பெழுத்தில் 'ஜே' என்ற பலகை தொங்கும் கடைகளில் மீன், இறால் மட்டுமல்ல, முட்டையும் பூண்டும்கூட இருக்காது. அவற்றில் பல மதியத்தோடு கடை கட்டிவிடுவதால், அங்கே சாப்பிட நினைப்பவர்கள் வாட் அருணுக்குப் படகேறும் முன்பே மதிய உணவை முடித்துக்கொள்வது நல்லது.