தோட்டத்துக்கு லைட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி டார்ச்சோட நடந்து பாருங்க

போன ஐப்பசி மழையில ஒரு நாள் ராத்திரி எட்டு மணி இருக்கும், பொட்டுன்னு வீடு முழுக்க கரண்ட் போச்சு. பக்கத்து வீட்ல எல்லாம் இருக்கு, எங்களுக்கு மட்டும் இல்ல. போய்ப் பார்த்தா ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா அணையற மெயின் ஸ்விட்ச், விழுந்து கெடக்கு, தூக்கி விட்டா மறுபடி விழுது. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியா இருக்கற எம்சிபி ஸ்விட்சை ஒண்ணொண்ணா எறக்கிப் பார்த்ததுல தோட்டத்து லைன் தான்னு தெரிஞ்சுது. மறுநாள் கொன்றை மரத்தடியில மண்ணை நோண்டினா ரெண்டு ஒயரை முறுக்கி கருப்பு இன்சுலேஷன் டேப்பை சுத்தி அப்படியே மண்ணுல புதைச்சு வெச்சிருக்காங்க. டேப்பு பசை விட்டுப் பிரிஞ்சு உள்ள சேறு. இத்தனைக்கும் லைட்டு ஐபி 67, தூசியும் தண்ணியும் எவ்வளவு தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கற நம்பரு, தேடித்தேடி வாங்கினது.

இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். ஐபி நம்பர்ல முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது எண் தண்ணிக்கு. 44ன்னா சாரல் தெறிச்சா தாங்கும், சன்ஷேடுக்கு அடியில போடலாம். 65ன்னா ஹோஸ் வெச்சு அடிக்கற தண்ணியும் தாங்கும், காம்பவுண்டு சுவருக்கும் செடி நடுவுல குத்தற ஸ்பைக் லைட்டுக்கும் அது போதும். தரையோட தரையா பதிக்கறதுக்கு 67 வேணும், அது ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்ங்கற கணக்கு. அரை மணி நேரம் தான், ரெண்டு நாள் குழியில தண்ணி தேங்கி நின்னா அதுக்கு கேரண்டி கெடையாது, அதனால பதிக்கறப்ப இன்னும் ஒரு அடி சேர்த்துத் தோண்டி அடியில ஜல்லி கொட்டி தண்ணி இறங்க வழி பண்ணிடுங்க. எல்லாத்துக்கும் மேல, அந்த நம்பர் லைட்டுக்கு மட்டும் தான், நீங்க போடற ஜாயின்டுக்கு இல்ல. என் வீட்ல லைட்டு இன்னும் நல்லா எரியுது, அதுக்குப் பக்கத்துல அரை அடி தள்ளி இருந்த முறுக்கு தான் எங்களை இருட்டுல உக்கார வெச்சது.

ஜாயின்டை முடிஞ்சவரை மண்ணுக்கு மேல கொண்டு வாங்க. சுவர் ஓரமா முக்கால் அடி ஒசரத்துல வாட்டர்ப்ரூஃப் ஜங்ஷன் பாக்ஸ், ஒயர் நுழையற இடத்துல கிளாண்டு (ஒயரை இறுக்கிப் பிடிச்சு ஓட்டையை அடைக்கற மூடி), அதுவும் ஒயர் கீழ்ப்பக்கமா நுழையற மாதிரி, அப்பத்தான் வழிஞ்சு வர்ற தண்ணி உள்ள போகாது. மண்ணுக்குள்ள தான் போட்டாகணும்னா ஜெல் அடைச்ச கனெக்டர் கெடைக்குது, அதைப் போடுங்க.

இதுல இன்னொரு தப்பு இருக்கு, அது உண்மையிலேயே உயிரை வாங்கற தப்பு. மழை வந்தாலே ட்ரிப் ஆகுதேன்னு தோட்டத்து லைனை மட்டும் ஆர்சிசிபியில இருந்து பிரிச்சு நேரா குடுத்துடறது. "லைன் குடுத்துடறேன் சார், இனிமே தொந்தரவு இருக்காது"ன்னு எங்க வீட்டுக்கு வந்த எலக்ட்ரீசியனும் கூலா சொன்னாரு. ஆர்சிசிபி விழறதுன்னா கரண்ட் எங்கயோ கசிஞ்சு மண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே விழற மாதிரி வெச்சிருக்கறது நம்ம உயிருக்காகத்தான். அதைக் கழட்டிட்டு ஈர மண்ணுல வெறுங்கால்ல பூப்பறிக்கப் போற அம்மாவை நெனச்சுப் பாருங்க. வேணும்னா தோட்டத்துக்குன்னு தனியா ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்க, விழுந்தா தோட்டம் மட்டும் அணையும், வீட்ல சோறு வேகும்.

ஒயரை மண்ணுல வெறும்னே போடறதும் இதே கதை தான். களை வெட்ட வர்றவருக்கு உங்க ஒயர் எங்க ஓடுதுன்னு தெரியாது, ஒரே வெட்டுல மம்முட்டி எறங்கிடும். பெருச்சாளி இருக்கற ஊர்னா அது வேற. பிவிசி பைப்புல விட்டு ஒன்றரை அடி கீழ கொண்டு போங்க, மூடறதுக்கு முன்னாடி நாலு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, சுவர் மூலையில இருந்து எத்தனை அடின்னு டேப் வெச்சு அளந்து அந்த டேப்பும் போட்டோவுல தெரியற மாதிரி. நான் எடுக்கல, அதனால தான் அன்னிக்கு பாதி தோட்டத்தைக் கொத்தினேன்.

சரி, ஷாக் பயமே வேணாம்னு 12 வோல்ட் செட்டுக்குப் போறவங்க உண்டு, நல்ல யோசனை தான், ஆனா அங்க ஒரு கணக்கு இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. முதல் ரெண்டு மூணு லைட்டு பளிச்சுன்னு எரியும், கடைசி ஸ்ட்ரிப்பு சாமி ரூம் அகல் விளக்கு மாதிரி மினுக்கும், உடனே லைட்டு டூப்ளிகேட்டுன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போவோம். காரணம் ஒயர். 60 வாட் லோடுன்னா 12 வோல்ட்டுல 5 ஆம்பியர் ஓடும். 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் போட்டீங்கன்னா, போக வர 40 மீட்டர், அதோட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட அரை ஓம். லோடு அத்தனையும் கடைசியில இருந்தா வழியிலேயே 2.4 வோல்ட் காலி, அங்க போய்ச் சேர்றது 9.6 தான். அதே லோடை 24 வோல்ட் செட்டா வாங்கியிருந்தா 2.5 ஆம்பியர் தான் ஓடும், 1.2 வோல்ட் தான் போகும், 24ல அது கண்ணுக்கே தெரியாது. அதனால தூரம் இருந்தா 24 வோல்ட்டுக்குப் போங்க, இல்ல ட்ரைவரை (வீட்டு கரண்டை 12, 24 வோல்ட்டா எறக்கித் தர்ற பெட்டி) லைட்டுங்களுக்கு நடுவுல வெச்சு ரெண்டு பக்கமும் பிரிச்சு ஓட்டுங்க. ட்ரைவரையும் முட்ட முட்ட லோடு பண்ணாதீங்க, 60 வாட் லைட்டுக்கு 75, 80 வாட் ட்ரைவர். அதுவும் நெழல்ல இருக்கணும், சித்திரை வெயில்ல மேற்கு சுவர்ல மாட்டினா ரொம்ப நாள் வராது.

அடுத்தது கலர், அதைக் கெல்வின்ங்கற அளவுல சொல்வாங்க, நம்பர் குறையக் குறைய மஞ்சளா, கூடக் கூட நீலம் கலந்த வெள்ளையா இருக்கும். கடையில 6500 கெல்வின் வெள்ளை லைட்டு பளபளன்னு அள்ளும், வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டா தோட்டம் பெட்ரோல் பங்க் மாதிரி ஆயிடும், பச்சை எலை எல்லாம் வெளிறி ஏதோ ஆஸ்பத்திரி வராண்டாவுல வெச்ச தொட்டி மாதிரி தெரியும். 2700லிருந்து 3000க்குள்ள வார்ம் ஒயிட் போடுங்க. அழகுக்கு மட்டும் சொல்லல, நீலம் கலந்த வெளிச்சத்துக்குத்தான் பூச்சி அதிகம் வரும், மஞ்சளா போகப் போக குறையும். மொத்தமா நிக்காது, மழை விட்ட அன்னிக்கு ஈசல் எதுக்கும் அடங்காது, ஆனா வித்தியாசம் தெரியும். பூச்சி வந்தா பல்லியும் தவளையும் வரும், தவளையைத் தேடி அடுத்த ஆள் வருவாரு, புது லே-அவுட்டுல சுத்தி காலி மனையா இருக்கற எங்களுக்கு அந்த ஆள் யாருன்னு சொல்ல வேணாம். வாசல் கதவுக்கு நேர் மேல பெரிய வெள்ளை லைட்டு போடறதை மறுபடி யோசிங்க.

எண்ணிக்கையும் ஒரு தப்பு. நான் 14 லைட்டு போட்டேன், வாங்கினது பட்டப்பகல்ல, எடம் குறிச்சதும் பட்டப்பகல்ல. பகல்ல பார்த்தா ஒவ்வொரு செடியும் முக்கியமாத்தான் தெரியும், அதனால ஆளுக்கொரு லைட்டு, நடைபாதைக்கு ரெண்டு பக்கமும் வரிசையா வெச்சதுல ப்ளேன் எறங்கற ரன்வே மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி தோட்டத்துக்கு அழகே இருட்டு நடுவுல ஒண்ணு ரெண்டு எடம் மட்டும் தெரியறது தான். மரத்தைக் காட்டணும்னா பல்பு கண்ணுல படக்கூடாது, மரம் தான் படணும். நீங்க வழக்கமா உக்கார்ற எடம், கேட்டைத் திறந்து உள்ள வர்ற எடம், இந்த ரெண்டுல இருந்தும் பார்த்துட்டு லைட்டுத் தலையைத் திருப்புங்க. தென்னைக்கு, பாக்கு மரத்துக்கு 15 டிகிரி மாதிரி ஒடுக்கமான பீம் (வெளிச்சம் விரியற கோணம்), தூரோட ஒட்டி வெச்சா நேரா மட்டை வரைக்கும் ஏறும். படர்ந்து நிக்கற மாமரத்துக்கு 60 டிகிரி. எதிர்வீட்டு பெட்ரூம் ஜன்னல்ல போய் விழாம பார்த்துக்கங்க, எங்க எதிர்வீட்டு அக்கா ரெண்டு மாசம் பேசல.

செடிக்கும் ராத்திரி வேணும்ங்கறது எனக்குத் தாமதமாத்தான் ஒறைச்சுது. அம்மா ஆசையா வெச்ச செவ்வந்தித் தொட்டி கேட் பில்லர் லைட்டுக்கு நேர் கீழ, எலை மட்டும் தழதழன்னு வளருது, மொட்டைக் காணோம். ஒரம் போட்டாங்க, மீன் அமிலம் ஊத்தினாங்க, ஒண்ணும் ஆகல. செவ்வந்திக்கு நீளமான ராத்திரி கெடைச்சாத்தான் மொட்டு வைக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் செவ்வந்தி காட்டுல ராத்திரி பல்பு எரியறதைப் பார்த்திருப்பீங்க, பூவைத் தள்ளிப் போடத்தான் அவங்க அப்படி எரிய விடறாங்க. நான் அதையே ஓசியில பண்ணிட்டு இருந்திருக்கேன். தொட்டியைப் பின்பக்கம் இருட்டுக்கு மாத்தினோம், அப்புறம் தான் மொட்டு வந்துச்சு.

சோலார் லைட்டு பத்தி கேக்கறவங்களுக்கு: மரத்தடி நெழல்ல வெச்சா எரியாது, கார்த்திகை அடைமழையில எங்க வெச்சாலும் சரியா எரியாது, பாட்டரி மாத்த முடியாத மாடல்னா தொடாதீங்க. வழி காட்டறதுக்கு அதை நம்பாம சும்மா அழகுக்கு வேணா வைக்கலாம். டைமர் மறக்காம போடுங்க, ராத்திரி பதினொரு மணிக்கு மேல யாருக்காக எரியணும்?

எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடி போடறப்ப ஒரு வேலை பண்ணினேன், முதல்லயே பண்ணியிருக்கணும். அமாவாசையை ஒட்டி ஒரு ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, நான் சிட்அவுட்ல உக்காந்துக்கிட்டேன், பையன் ரெண்டு டார்ச்சோட தோட்டத்துக்குள்ள போய் நான் சொல்ற எடத்துல எல்லாம் அடிச்சுக் காட்டினான், கீழ இருந்து, பக்கவாட்டுல, சுவர் மேல. நல்லா இருந்த எடத்துல எல்லாம் ஒரு செங்கல்லை வெச்சோம். காலைல எண்ணிப் பார்த்தா ஆறு செங்கல். படிக்கு ரெண்டு, கொன்றைக்கு ஒண்ணு, தென்னைக்கு ஒண்ணு, துளசி மாடத்துக்கு ஒண்ணு, பின்பக்கம் குழாயடிக்கு ஒண்ணு. மிச்சம் எட்டு லைட்டு பரண்ல கெடக்கு.