வார்மரில் இருக்கும் குழந்தைக்கு அம்மா, அப்பா செய்ய வேண்டியவை

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில், எடை குறைந்து பிறந்த குழந்தையை வார்மரில், அதாவது கதகதப்புத் தரும் மருத்துவப் படுக்கையில், வைத்ததும் பெற்றோர் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளே உங்களுக்கு வேலை இருக்கிறது. அம்மா, அப்பா, பாட்டி யாராக இருந்தாலும் நர்ஸிடம் பழகிக்கொண்டு குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. முதல் நாளே கேளுங்கள்: "சிஸ்டர், நாங்க எப்போ உள்ளே வரலாம்? என்னென்ன செய்யலாம்?"

முதலில் கை. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். பலருக்கும் விட்டுப்போவது கட்டைவிரலும் நகக்கண்ணும். கழுவிய கையை முந்தானையில் துடைத்தால் கழுவியதே வீண். செல்போனைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். கோயில் கயிற்றில் ஈரமும் அழுக்கும் தங்கும். குழந்தை வீடு திரும்பும் வரை அதைக் கழற்றிச் சாமி படத்தருகே வைத்துவிடுங்கள்.

அடுத்தது கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வைத்திருப்பது. அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். டயப்பர், குல்லா, சாக்ஸ் மட்டும் போட்ட குழந்தையை வெறும் மார்பின் நடுவே நிமிர்த்தி வைத்து, கால்களைத் தவளைபோல் மடக்கி, பருத்தித் துணியால் சேர்த்துக் கட்டுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். கவனம் முழுக்க இங்கேதான்: கழுத்து முன்னால் மடிந்தால் மூச்சுப்பாதை அடைபடும். துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே நிற்கட்டும், முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படட்டும். ஒரு தடவைக்கு 1 மணி நேரத்துக்குக் குறையாதீர்கள். அடிக்கடி தூக்கி இறக்கினால் குழந்தையின் தூக்கம் கெடும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைக்கிறது. மார்பில் பவுடரோ சென்ட்டோ வேண்டாம். சென்னை வெயிலிலும் பாதம் சில்லிடலாம். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பால் சப்பத் தெம்பில்லாத குழந்தைக்கு, மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடைதான் கை கொடுக்கும். அம்மா 2–3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும், பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். நாலு நாள் தவறவிட்டால் சுரப்பு குறையும், பிறகு மீட்பது பாடு. பாலாடையையும் டம்ளரையும் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். டாக்டர் சொன்ன மி.லி. அளவை அளந்து, குழந்தையைப் பாதி நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் வாயோரம் வைத்துச் சிறிது சிறிதாகச் சாயுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். ஒரேயடியாக ஊற்றினால் புரையேறும். கொடுத்த அளவை நர்ஸிடம் சொல்லி எழுதவையுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் டாக்டர் பாலைக் கூட்டுவார். சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து எதுவும் வேண்டாம். பெரியவர்கள் வற்புறுத்தினால் அவர்களையே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், பதிலை நேரில் கேட்கட்டும்.

டிஸ்சார்ஜுக்கு முன் இவையெல்லாவற்றையும் நர்ஸ் பார்க்க நீங்களே செய்து காட்டுங்கள். பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலும், நெஞ்சு உள்வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை குழந்தையை மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்திருங்கள். டிஸ்சார்ஜ் அட்டை கையில் இருக்கட்டும்.