ஸ்டூலின் ஆட்டம் நின்றது இப்படித்தான்

வெல்டிங் பழக வீட்டிலேயே ஒரு இரும்பு ஸ்டூல் செய்தேன். ஒரு கால் மட்டும் தரையில் படியவே இல்லை. ஒவ்வொரு மூலையையும் ஒரே மூச்சில் முழுதாகப் பற்றவைத்ததுதான் காரணம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

சரி என்று இணைப்புகளை கிரைண்டரால் அறுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். முதலில் எல்லா மூலையிலும் சின்னச் சின்ன டேக் மட்டும், அதாவது தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் புள்ளி வெல்டு. கோணல் இருக்கிறதா என்று மூலைவிட்டங்களை அளந்தால் 4 மி.மீ. வித்தியாசம்! நீளமான மூலைவிட்டத்தை கிளாம்ப் போட்டு இறுக்கிச் சமமாக்கினேன். அப்புறம் எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி, ஆறவிட்டு முழு வெல்டையும் போட்டேன். குழாயின் தடிமன் 1.6 மி.மீ.தான்; 3.15 மி.மீ. வெல்டிங் ராடு (உருகி இணைப்பை நிரப்பும் கம்பி) ஓட்டை போட்டது, 2.5 மி.மீ. ராடும் 65 ஆம்பியரும் சரியாக இருந்தன.

வெல்டின் மேல் படிந்திருந்த கசடான ஸ்லாக்கைத் தட்டினேன். அடியில் மீன்செதில் போல வரிவரியாக வெல்டு. என்ன அழகு!